ரிசர்வ் கோல்கீப்பரின் இடது பூட்ஸ்

எங்கள் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் காற்பந்து என்றால் பாதி பந்து, பாதி அடிதடி. எண்பதுகளில், எனக்கு இருபத்தைந்து வயதிருந்தபோது, நான் எங்கள் தோட்டக் குழுவின் கேப்டன். தடுப்பாட்டத்தில் நடுவில் நிற்பவன். ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வரும்போது என் சட்டையில் ரத்தம் இல்லையென்றால், "இன்னைக்கு நீங்க விளையாடலையா?" என்று என் மனைவி கேட்பாள். அது குத்தல் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. பெருமையாக எடுத்துக்கொண்டேன்.

அந்த வருடம் வட்டாரக் கேடயத்தின் அரையிறுதி எங்கள் திடலிலேயே நடந்தது. எதிரணி ஜெராம் சாலைப் பக்கத்துத் தோட்டம். மூன்று கோல் போட்டு முன்னால் இருந்தோம். ஆட்டம் முடிய இருபது நிமிடம் இருக்கும்போது, உயரத்தில் வந்த பந்தை எங்கள் கோல்கீப்பர் எகிறிப் பிடித்தார். எதிரணி ஆள் ஒருவன் முழங்காலை மடக்கிக்கொண்டு வந்து அவர் முகத்தில் இறங்கினான். தாடை உடைந்த சத்தம் பத்தடி தள்ளி நின்ற எனக்குக் கேட்டது. வாயைத் திறக்க முடியாமல் மூக்கு வழியாக ரத்தம் விட்டுக்கொண்டு கிடந்தவரை, செம்பனைக் குலை ஏற்றும் லோரியில் தூக்கிப் படுக்க வைத்து மருத்துவமனைக்கு அனுப்பினோம். முழங்காலை விட்டவனின் தலைமுடியைப் பிடித்து நான் கோல் கம்பத்தில் ஒரு மோது மோதினேன். நடுவர் எங்கள் இருவருக்கும் மஞ்சள் அட்டை காட்டினார். அதற்கு மேல் எதையாவது காட்டினால் தன் மோட்டார் சைக்கிள் கால்வாயில் கிடக்கும் என்று அவருக்குத் தெரியும்.

பிறகு ரிசர்வ் கோல்கீப்பர் உள்ளே வந்தார்.

அவருக்கு நாற்பத்து மூன்று வயது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அவர்தான் எங்கள் தோட்டத்தின் முதல் கோல்கீப்பர். ஓர் இறுதி ஆட்டத்தில் பாய்ந்து விழுந்த இடத்தில் ஒருவன் பூட்ஸோடு ஏறி மிதித்ததில் வலது தோள் கழன்றது. அதை யாரும் சரியாக மாட்டவில்லை. அன்றிலிருந்து அந்தக் கையைத் தோளுக்கு மேல் தூக்க அவருக்குப் பாதி நிமிடம் ஆகும். பந்து பாதி நிமிடம் காத்திருக்காது. அன்று கடைசி இருபது நிமிடத்தில் இரண்டு கோல் விட்டார். ஒன்று அந்த வலது கைக்கு மேலே போனது. இன்னொன்று மெதுவாக உருண்டு வந்து காலுக்கு நடுவில் போனது. மூன்றுக்கு இரண்டு என்று எப்படியோ ஜெயித்தோம். ஆட்டம் முடிந்து அவர் என் முதுகைத் தட்டிக்கொடுக்க வந்தார். நான் விலகிக்கொண்டேன்.

இறுதி ஆட்டத்துக்கு இரண்டு வாரம் இருந்தது.

இங்கே எங்கள் தோட்டத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரர்கள் போய் வெகு காலமாகியும் நாங்கள் மேனேஜரைத் துரை என்றுதான் சொல்வோம். துரைக்குக் காற்பந்து என்றால் உயிர். வருடத் தொடக்கத்தில் குழுவின் பதினான்கு பெயர்களை ஆபீஸ் எழுத்தரான கிராணி தட்டச்சு செய்து கொண்டுபோவார். துரை கையெழுத்துப் போடுவார். கையெழுத்து விழுந்த அந்தப் பதினான்கு பேருக்கும் செம்பனை வெட்டு கிடையாது. விடியற்காலைப் பெரட்டில் ஆள் பிரிக்கும்போது, வேலை வாங்கும் மண்டோர் எங்கள் பெயர்களைத் தனியாகக் கூப்பிட்டு, ஸ்டோர், நாற்றுப் பண்ணை, குலை நிறுக்கும் இடம் என்று லேசான வேலைக்கு அனுப்புவார். மற்றவர்கள் இருபதடிக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டித் தோளில் சாய்த்துக்கொண்டு காட்டுக்குள் போவார்கள். ஆட்டத்தில் அடிபட்டவன் குணமாகும்வரை அவன் பெயரை எடுக்கக் கூடாது என்பது துரையின் சட்டம். பதினைந்தாவது பெயரைச் சேர்க்கவே கூடாது என்பதும் அவர் சட்டம்தான்.

ஆக, புதிய கோல்கீப்பர் ஒருவன் வேண்டுமென்றால், தாடை உடைந்தவரின் பெயரை எடுக்க முடியாது. தோள் பழைய காயம், அது கணக்கில் வராது என்பதால் ரிசர்வ் கோல்கீப்பரின் பெயரைத்தான் எடுக்க வேண்டும். எடுத்தால், தூக்க முடியாத தோளில் அவர் அரிவாள் கம்பைத் தூக்க வேண்டும். இது குழுவில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். புதிய ஆளாக நான் மனதில் வைத்திருந்தது என் மைத்துனனை. மனைவியின் தம்பி. இருபத்தொரு வயது, ஆறடி உயரம், தோட்டத்துக்கு வேலைக்கு வந்து மூன்று மாதம். நல்ல கோல்கீப்பர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் செம்பனை வெட்டு அவனுக்குக் கட்டோடு பிடிக்கவில்லை. முள் குத்திய கையைத் தினமும் அக்காவிடம் காட்டுவான். அவள் என்னைப் பார்ப்பாள். குழுவின் நன்மை, கேடயம், தோட்டத்தின் மானம் என்று அந்த இரண்டு வாரமும் நான் பேசியதெல்லாம் பொய் இல்லை. ஆனால் அந்தக் கையும் அதற்குள் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை தோட்ட மண்டபத்தில் கூட்டம் போட்டோம். ரிசர்வ் கோல்கீப்பரும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றிப் பேசினோம். இடது பக்கத் தடுப்பாட்டக்காரர் அவர் கட்சி. இத்தனை வருடமாக வெளியே உட்கார்ந்து தண்ணீர் கொடுக்கிறார், காலுக்குத் தைலம் தேய்க்கிறார், யாருக்கு என்ன கெடுதல் செய்தார் என்று கேட்டார். கெடுதல் செய்யாதவனுக்குப் பரிசு கொடுக்க இது கோயில் திருவிழா இல்லை என்றேன். ரிசர்வ் என்பவன் எப்போதாவதுதான் தேவைப்படுவான், அந்த ஒரு தடவையும் அவனால் முடியாது என்றால் எதற்கு ரிசர்வ் என்றேன். ஒருவன், பெயரை எடுத்தால் அவர் தோள் என்ன ஆகும் என்று கேட்டான். அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டேன். இரண்டு பேர் பிரித்துவிட்டார்கள். ஒரு பெஞ்சு உடைந்தது.

அதற்குள் யாரோ, பூட்ஸ் போட்டு முடிவு செய்யலாம் என்றார்.

அது எங்கள் குழுவின் முறை. முன்பு கை தூக்கித்தான் முடிவு செய்வார்கள். ஒரு வருடம், தனக்கு எதிராகக் கை தூக்கியவனின் மண்டையை ஒருவன் கள்ளுக்கடையில் வைத்து உடைத்துவிட்டான். அதிலிருந்து பூட்ஸ். ஒவ்வொருவராக மண்டபத்தின் பின்னறைக்குள் போய், தன் இடது பூட்ஸை ஜன்னல் பக்கமோ கதவுப் பக்கமோ வைத்துவிட்டு வர வேண்டும். அன்றைக்கு ஜன்னல் என்றால் பழைய ஆள் இருக்கட்டும், கதவு என்றால் மாற்று. யாருடைய பூட்ஸ் எது என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தாலும் கேட்கக் கூடாது, அதுதான் பேச்சு. தாடை உடைந்தவர் மருத்துவமனையில். மீதி பதின்மூன்று பேர்.

கடைசியாக நான் உள்ளே போய் எண்ணினேன். ஜன்னல் பக்கம் ஆறு. கதவுப் பக்கம், என்னுடையதையும் சேர்த்து, ஏழு. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்த அந்த நொடியிலேயே கதவுப் பக்கத்தில் அந்தப் பூட்ஸைப் பார்த்தேன். கயிறு அறுந்துபோன பழைய பூட்ஸ். பாகான் நக்கோடா ஓமாரில் மீன் வலை பின்னுகிற பச்சை நைலான் கயிற்றை வாங்கி அதற்குக் கட்டியிருப்பார். தோட்டத்தில் வேறு யாரிடமும் அப்படி ஒன்று கிடையாது.

ரிசர்வ் கோல்கீப்பர் தனக்கு எதிராகவே வைத்திருந்தார்.

வேறு எவனாவது இருந்தால் நன்றி சொல்லியிருப்பான். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. ஒரு வாரமாகக் கத்தி, சண்டை போட்டு, சட்டையைக் கிழித்து நான் வாங்கியதை இந்த மனிதர் பிச்சை போடுவதுபோல் போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கிறாரே என்று தோன்றியது. ஊரே நாளைக்கு அவரைத் தெய்வம் என்னும், என்னைப் பாவி என்னும். பூட்ஸை எடுத்துக்கொண்டு வெளியே வந்து அவர் மடியில் வீசினேன். "என்னைக் கெட்டவனாக்கப் பாக்கறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே, பதில் வருவதற்கு முன்னால் அறைந்துவிட்டேன். என்னைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். வலது கையை முழுதாக வீசி அறைந்தேன். அவர் கடைவாயிலிருந்து ரத்தம் கோடாக இறங்கியது.

மண்டபத்தில் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. எனக்கு எதிராகப் பூட்ஸ் வைத்த ஆறு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

அவர் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "சரி தம்பி. கோலு விடாத ஆளா பாத்துப் போடு" என்று சொல்லிவிட்டு, பூட்ஸை எடுத்துக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போனார்.

மறுநாள் கிராணி ஒரு பெயரை அடித்து வேறு பெயரைத் தட்டினார். துரை கையெழுத்துப் போட்டார். செவ்வாய்க்கிழமைப் பெரட்டில் ரிசர்வ் கோல்கீப்பரின் பெயர் வெட்டுக்காரர்களோடு வந்தது. ஸ்டோர் வாசலில் நின்றுகொண்டு, அவர் கம்பை இடது தோளில் சாய்த்து ஒரு பக்கமாகக் கோணி நடந்து போனதைப் பார்த்தேன். என் மைத்துனன் எனக்குப் பக்கத்தில் நின்று பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான்.

இறுதி ஆட்டத்தைச் சுங்கை புரோங் பக்கம், கம்பம் என்று நாங்கள் சொல்லும் மலாய்க் கிராமத்துத் திடலில் வைத்தார்கள். எங்கள் தோட்டத்திலோ எதிரணித் தோட்டத்திலோ வைத்தால் பிணம் விழும் என்று ஏற்பாட்டாளர்களுக்குப் பயம். திடலின் ஒரு பக்கம் நெல் வயல், இன்னொரு பக்கம் வயலுக்குத் தண்ணீர் போகும் கால்வாய். இரண்டு தோட்டத்து லோரிகளும் ஆளை இறக்கியபோதே நான் பார்த்தேன், எதிரணி ஆட்கள் பாதிப் பேர் வெயிலில் குடையோடு வந்திருந்தார்கள். ஒருவன்கூடக் குடையை விரிக்கவில்லை. எங்கள் ஆட்களின் பைகளிலும் சைக்கிள் சங்கிலி இருந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

மைத்துனன் அருமையாக விளையாடினான். முதல் பாதியில் மட்டும் நான்கு பந்தைத் தடுத்தான். இரண்டாம் பாதியில் நாங்கள் ஒரு கோல் போட்டோம். முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது நான் ஒருவனைப் பெட்டிக்குள் காலை வாரிவிட்டேன், அவர்களுக்குப் பெனால்டி. அதையும் அவன் இடது பக்கம் பாய்ந்து பிடித்துவிட்டான். நான் கத்திக்கொண்டே அவனிடம் ஓடினேன். என் கணக்கு சரி என்று அந்த ஒரு நொடி வானம் வரைக்கும் கேட்கக் கத்தினேன்.

பெனால்டி அடித்தவன் ஆத்திரத்தில், பந்தை அணைத்துக்கொண்டு படுத்திருந்த மைத்துனனின் விலாவில் ஓங்கி உதைத்தான். நான் போன வேகத்திலேயே அவன் மூக்கில் என் நெற்றியை இறக்கினேன். மூக்கு எலும்பு நொறுங்கியது என் நெற்றிக்கே தெரிந்தது. அவன் மல்லாந்து விழுந்தான்.

அப்புறம் ஆட்டம் என்று ஒன்று இல்லை. இரண்டு பக்கமும் இருந்து கூட்டம் திடலுக்குள் புகுந்தது. குடைக் கம்பியால் ஒருவன் எங்கள் இடது தடுப்பாட்டக்காரரின் தொடையில் குத்தினான். எங்கள் ஆள் ஒருவன் சங்கிலியைச் சுழற்றி வீசியதில் எவனுடைய பல்லோ என் காலடியில் வந்து விழுந்தது. மூன்று பேரைக் கால்வாயில் தள்ளி, ஏற விடாமல் மேலிருந்து கல்லால் அடித்தார்கள். நடுவர் விசிலை வாயில் வைத்தபடியே நெல் வயலுக்குள் ஓடினார். எங்கள் லோரிக்காரர் கதவைப் பூட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பிவிட்டார். மைத்துனனைத் தேடினேன். கால்வாயின் அந்தப் பக்கம், அவன் மஞ்சள் ஜெர்சி சாலையைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. அவனை நான் குறை சொல்லவில்லை. நானாக இருந்தாலும் அக்கா புருஷனுக்காகச் சாகமாட்டேன்.

கோலுக்குப் பக்கத்தில் நான் மட்டும் மாட்டிக்கொண்டேன். வேலிக்கு நட்டிருந்த கட்டையைப் பிடுங்கி ஒருவன் என் முழங்காலுக்குப் பின்னால் போட்டான். குப்புற விழுந்தேன். அடுத்தது முதுகில். அடுத்தது காதுக்கு மேலே. கண்ணுக்குள் எல்லாம் வெள்ளையாகிவிட்டது. என் மனைவி அப்போது ஐந்து மாதம். பிள்ளை முகத்தைப் பார்க்காமல் போகப் போகிறேன் என்று தெளிவாக நினைத்தேன், பயந்தேன், வெட்கமில்லாமல் அழுதேன்.

அப்போது ஒரு கனமான உடம்பு என் மேல் விழுந்தது. எதிரணி ஆள் என்று நினைத்துத் திமிறினேன். தைலம் வாசனை வந்தது. "அசையாதே, தலையைத் தூக்காதே" என்று என் காதுக்குள் ஒரு குரல் சொன்னது. ரிசர்வ் கோல்கீப்பர். பட்டியலில் பெயர் இல்லாததால் குழுவின் லோரியில் ஏற்றமாட்டார்கள் என்று அவ்வளவு தூரமும் சைக்கிளிலேயே ஆட்டம் பார்க்க வந்திருக்கிறார். விழுந்த பந்தை மூடுவதுபோல என் தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். கட்டை இறங்க இறங்க அந்தக் கைகள் என் மண்டையில் வந்து அழுந்தின. விரல்கள் ஒடிவது எனக்குக் கேட்டது. தாடை உடையும் சத்தத்தைவிடச் சின்னச் சத்தம். ஒவ்வொன்றாகக் கேட்டது. அவர் கையை எடுக்கவில்லை.

போலீஸ் வண்டி வந்ததும் கூட்டம் கலைந்தது.

எனக்குத் தலையில் பதினோரு தையல். அவருக்கு இரண்டு கையிலும் மாவுக்கட்டு. மூன்றாம் நாள் எனக்கு எழுந்து நடக்க முடிந்ததும் அவர் படுக்கைக்குப் போனேன். அவர் மனைவி சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அந்த அக்கா தட்டை என் கையில் கொடுத்து, "எனக்கு வேலைக்கு நேரமாச்சு. மிச்சத்தை நீ ஊட்டு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ரிசர்வ் கோல்கீப்பர் வாயைத் திறந்தார். நான் அறைந்த இடத்தில் உள்ளே ஒரு பல் இல்லை. அதுவரை எனக்கு அது தெரியாது. அன்று நான் ஊட்டிய ஒவ்வொரு கவளமும் எனக்குச் செருப்படி.

வேலைக்குத் திரும்பிய அன்றே கிராணியிடம் போனேன். என் பெயரை எடுத்துவிட்டு அவர் பெயரைப் போடுங்கள் என்றேன். கிராணி மேசை இழுப்பறையைத் திறந்து, இரண்டாகக் கிழிந்த தாளைக் காட்டினார். துரை கிழித்துப் போட்டது. கேடயப் போட்டியையே நிறுத்திவிட்டார்கள், எங்கள் தோட்டத்தில் இனிமேல் குழு கிடையாது, லேசான வேலை யாருக்கும் கிடையாது என்றார். பதினான்கு பேரும் காட்டுக்குப் போனோம். மைத்துனன் ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினான். பிறகு ராவாங்கில் தொழிற்சாலை வேலை கிடைத்ததும், சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டான்.

மாவுக்கட்டைப் பிரித்தபோது அவருக்கு இடது கையில் மூன்று விரலும் வலது கையில் இரண்டும் மடங்கவில்லை. கம்பைப் பிடிக்க முடியாது. வெட்டுக்காரன் பின்னால் போய், குலை விழும்போது சிதறுகிற உதிரிப் பழத்தைப் பொறுக்கும் வேலையைக் கொடுத்தார்கள். வழக்கமாகப் பெண்கள் செய்யும் வேலை. யாருக்குப் பின்னால் போடுவது என்று மண்டோர் ரொம்ப யோசிக்கவில்லை. என் நிரையில், நான் வெட்டும் மர வரிசையில், ஆள் குறைவு, என்னோடு போட்டார்.

மூன்று மாதம் அப்படிப் போனது. நான் முன்னால் வெட்டுவேன். அவர் பின்னால் உட்கார்ந்து, விரல் மடங்காததால் இரண்டு கையின் விளிம்பாலும் பழத்தைச் சேர்த்து வாளிக்குள் தள்ளுவார். முள் ஏறி ரத்தம் வந்தால் வேட்டியில் துடைத்துக்கொள்வார். நான் பொறுக்கித் தருகிறேன் என்று ஒருநாள் குனிந்தேன். "உன் வேலையைப் பாருலா" என்று வெடுக்கென்று சொன்னார். அதற்குமேல் நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

என் மகள் பிறந்து ஒரு வாரம் இருக்கும். மழை கட்டிக்கொண்டு வந்த ஒரு காலையில், கம்பைக் கீழே சாய்த்துவிட்டுக் கேட்டேன். அன்றைக்கு ஏன் பூட்ஸைக் கதவுப் பக்கம் வைத்தீர்கள் என்று.

அவர் நிமிராமலே சொன்னார். "காலுக்கு நடுவுல போனது எனக்குத் தெரியாதா? அன்னைக்கே முடிஞ்சிருச்சுன்னு எனக்குத் தெரியும். நீ நேரா வந்து, அண்ணே விட்டுருங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நானே கிராணிகிட்ட போய்ப் பேரை எடுத்திருப்பேன். நீ கேட்கல."

அவர் வாளியை நகர்த்தி வைத்துவிட்டு முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னை எந்தக் கையால அடிச்சே?"

வலது கையைக் காட்டினேன்.

"விரல் எல்லாம் மடங்குதா?"

"மடங்குதுண்ணே."

"அப்ப வெட்டு" என்றார். "மழை வருது."

நான் கம்பைத் தூக்கி அடுத்த மரத்துக்குப் போனேன். அவர் வாளியை முழங்கையில் மாட்டிக்கொண்டு பின்னால் வந்தார்.